ஊருக்குப் போவதாக எழுதிக் கொடுத்த நாட்கள்

முதுகலை இரண்டாம் வருடத்தில் நான் ஏழு முறை ஊருக்குப் போனதாக எங்கள் விடுதியின் மெஸ் நோட்டு சொல்லும். அந்த ஏழு முறையும் நான் விடுதியில்தான் இருந்தேன். அறைக் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு, விளக்கைப் போடாமல், கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தேன். இப்போது நினைத்தால் சில நாள் சிரிப்பு வருகிறது. சில நாள் அப்படி உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணைப் பிடித்து நாலு உலுக்கு உலுக்கலாம் என்று கோபம் வருகிறது.

எங்கள் மெஸ்ஸில் டிவைடிங் முறை. மாதம் முழுக்க ஆன அரிசி, காய்கறி, கேஸ், சமையல்காரர் சம்பளம் எல்லாவற்றையும் கூட்டி, யார் யார் எத்தனை நாள் சாப்பிட்டார்களோ அதன்படி வகுத்துவிடுவார்கள். ஊருக்குப் போகிறவள் முன்கூட்டியே கடிதம் எழுதிக் கொடுத்தால் அந்த நாட்களைக் கழித்துவிடுவார்கள். அதற்குப் பெயர் மெஸ் கட். குறைந்தது மூன்று நாள் போட வேண்டும். வெள்ளி இரவு தொடங்கி திங்கள் காலை வரை சாப்பிடாவிட்டால் மூன்று நாள் என்று வைத்துக்கொள்வார்கள். ஒரு நாளைக்குத் தொண்ணூறு ரூபாய் என்றால் இருநூற்று எழுபது மிச்சம்.

என் பெயருக்கு நேரே அப்போது நாலு மாத பாக்கி இருந்தது. பில் ஒட்டும் பலகையில் பாக்கி வைத்தவர்களின் பெயரைச் சிவப்பு மையில் கோடிட்டு வைப்பார்கள். பருவத் தேர்வுக்கு முன் பாக்கியைக் கட்டாவிட்டால் ஹால் டிக்கெட் கிடையாது. உதவித்தொகை வரும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அது வரும், ஆனால் வருடக் கடைசியில் வரும், வந்தாலும் போன வருடத்துடையதாக இருக்கும்.

அம்மாவிடம் கேட்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். எங்கள் ஊர் கீரனூருக்கு உள்ளே தள்ளி இருக்கிறது. அப்பாவுக்கு முழங்கால் போய்விட்டது, வீட்டோடு இருந்தார். அம்மா காட்டு வேலைக்குப் போய்க் கொண்டுவருவதில்தான் எல்லாம். என் முதல் வருடக் கட்டணத்துக்கு அம்மா குழு லோன் வாங்கினாள். பத்துப் பெண்கள் சேர்ந்த குழு. வாரா வாரம் வியாழக்கிழமை காலை ஒருவர் வீட்டு வாசலில் எல்லோரும் உட்கார வேண்டும். வசூலுக்கு வருகிறவர் முழுத்தொகை சேரும்வரை எழுந்து போகமாட்டார். ஒருத்திக்குக் குறைந்தால் மற்ற ஒன்பது பேரும்தான் போட்டுச் சமாளிக்க வேண்டும். ஒரு வியாழக்கிழமை அம்மாவுக்கு முந்நூறு குறைந்தது. பால் பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்த பெண், அந்த முந்நூறைத் திரும்ப வாங்கிய பிறகும் ஒரு மாதம் தெருவெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். "இன்னொரு குழுவுல தலையக் குடுக்க மாட்டேன் சாமி" என்று அம்மா சொன்னது எனக்கு நன்றாக நினைவிருந்தது. இன்னொரு முறை அவளை அந்த வாசலில் போய் உட்காரவைக்கக் கூடாது. எனக்கு இருந்த ஒரே குறிக்கோள் அதுதான். படிப்பெல்லாம் அதற்கு அடுத்தபடி.

கடன் வாங்க வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. கல்விக் கடன் கேட்டு வங்கிக்கு மூன்று முறை போனேன். அப்பா பெயரில் பயிர்க் கடன் நிலுவை இருக்கிறதா என்று கேட்டார்கள். இருக்கிறது என்றேன். அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். மூன்றாவது அடுத்த வாரத்தில், இதற்கு ஆகும் அலைச்சலுக்கு ஒரு மாதம் சாப்பிட்டிருக்கலாம் என்று விட்டுவிட்டேன். போனிலேயே கடன் தரும் ஆப் ஒன்றை வகுப்பில் ஒருத்தி காட்டினாள். இறக்கிப் பார்த்தேன். என் போனில் இருக்கிற எண்களையெல்லாம் பார்க்க அனுமதி கேட்டது. என் போனில் இருந்ததே நாற்பது எண்தான், அதில் ஒன்று குழுத் தலைவியுடையது. பயந்துபோய் அழித்துவிட்டேன். விடுதியில் ஒரு சீனியர் அக்கா கடன் கொடுப்பாள், ஆயிரத்துக்கு மாதம் நூறு. சிரித்த முகமாகத்தான் கொடுப்பாள், சிரித்த முகமாகத்தான் கேட்பாள், ஆனால் சாப்பிடும் இடத்தில் எல்லோர் காதிலும் விழக் கேட்பாள். தோழிகளிடம் நூறு, இருநூறு வாங்கலாம். வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொருத்தியிடம் வாங்கியதும் அவள் அறை இருக்கிற பக்கம் நடக்க முடியாமல் போனது. கடைசியில் குளியலறைக்குப் போகவே சுற்றிப் போக வேண்டியிருந்தது.

மீதி இருந்தது என் வயிறு ஒன்றுதான். வட்டி கேட்காது, யாரிடமும் சொல்லாது என்று நினைத்தேன்.

மெஸ் கட் போட்டு உண்மையாகவே ஊருக்குப் போயிருக்கலாமே என்று கேட்கலாம். டவுன் பஸ்ஸில்தான் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. திண்டுக்கல்லிலிருந்து பழனி போய், கீரனூர் போய், அங்கிருந்து ஊருக்குப் போய் வர இருநூறு ரூபாய் ஆகிவிடும். வெறுங்கையோடு போனால் அம்மா என் முகத்தைப் பார்த்தே எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடுவாள். அதனால் மெஸ் நோட்டில் மட்டும் போனேன். கேட் நோட்டில் கையெழுத்துப் போடவில்லை; ஊருக்குப் போகிறவர்கள்தான் அதில் போட வேண்டும், பகலில் கடைக்குப் போய் வர வேண்டியதில்லை. மெஸ் நோட்டு சமையலறையில் இருக்கும், கேட் நோட்டு காவல்காரம்மாவிடம் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர் யாரும் இல்லை.

என் அறைத்தோழி வடமதுரைக்காரி. நல்ல பெண், வாய் கொஞ்சம் அதிகம். வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். "நீ வரலியா?" என்பாள். "அடுத்த பஸ்ஸுக்குப் போறேன்" என்பேன். அவள் போனதும் கதவைச் சாத்திவிடுவேன். திங்கள் காலை அவள் வரும்போது, நானும் இப்போதுதான் வந்தேன் என்பதுபோல் தலைக்குக் குளித்துவிட்டு நிற்பேன்.

இடையில் இருந்த அந்த மூன்று நாள் எப்படிப் போகும் என்று எழுத இப்போதும் கை கூசுகிறது. பன், வாழைப்பழம், ஒரு பாட்டில் தண்ணீர். வராந்தாவில் சத்தம் இல்லாத நேரம் பார்த்து குளியலறைக்குப் போய்விட்டு ஓடிவர வேண்டும். மின்விசிறியை ஒன்றில் வைப்பேன், கூட வைத்தால் கடகடவென்று ஆடும். மெஸ் கீழ்த்தளத்தில் எங்கள் அறைக்கு நேர் கீழே. சனிக்கிழமை மதியம் சாம்பார் தாளிக்கிற வாசனை வரும்போது ஜன்னலைச் சாத்துவேன். தட்டு வைக்கிற சத்தம், யாரோ ஒருத்தி யாரையோ கூப்பிட்டுச் சிரிக்கிற சத்தம் எல்லாம் கேட்கும். பசி ஒரு மணி நேரத்தில் அடங்கிவிடும், அது பெரிய விஷயமில்லை. முந்நூறு பேர் இருக்கிற கட்டடத்தில் நான் இல்லாதவளாக இருந்தேன், அதைத்தான் தாங்க முடியவில்லை. மூன்றாவது முறை என்று நினைக்கிறேன், சனிக்கிழமை சாயங்காலம் யாரோ கதவைத் தட்டினார்கள். "இருக்கியாடி?" என்று ஒரு குரல். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். இன்னொரு முறை தட்டிவிட்டு, செருப்புச் சத்தம் போய்விட்டது. அது யார், எதற்காக என்னைத் தேடினாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்று நான் போர்வையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

சனிக்கிழமை இரவு ஏழு மணிக்கு அம்மா போன் செய்வாள். "சாப்டியா கண்ணு?" என்பாள். மெஸ் பட்டியல் எனக்கு மனப்பாடம். "சப்பாத்தியும் குருமாவும்மா. குருமாவுல இன்னிக்குக் காரம் ஜாஸ்தி" என்பேன். இல்லாத குருமாவில் குறை கண்டுபிடித்தால்தான் அவள் நம்புவாள். "நல்லா வயிறு நெறையச் சாப்பிடு, காசப் பத்தி ரோசன பண்ணாத" என்பாள். சரி என்று வைத்துவிடுவேன்.

இதுவரைக்கும் பரவாயில்லை. இதற்குமேல் நான் செய்ததுதான் சுத்த முட்டாள்தனம்.

எங்கள் விடுதியில் ஒரு வழக்கம் உண்டு. ஊருக்குப் போய் வருகிறவள் வெறுங்கையோடு வரக்கூடாது. திங்கட்கிழமை சாயங்காலம் டப்பாவைத் திறந்து நடுவில் வைக்க வேண்டும். பக்கத்து இரண்டு அறைகளிலிருந்தும் ஆள் வந்துவிடும். முதல் முறை நான், "அம்மாவுக்குக் காய்ச்சல், ஒண்ணும் செய்ய முடியல" என்றேன். பாவம் என்றார்கள். இரண்டாவது முறையும் அதையே சொன்னேன். "ஏடி, உங்க அம்மாவுக்கு நீ போற அன்னைக்குப் பாத்துத்தான் காய்ச்சல் வருமா?" என்று வடமதுரைக்காரி கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். மூன்றாவது முறை ஞாயிற்றுக்கிழமை மதியம், எல்லோரும் கோழிக்குழம்புக்கு வரிசையில் நிற்கிற நேரம் பார்த்து வெளியே வந்து, டவுன் பஸ் ஏறி, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடை ஒன்றில் அரைக் கிலோ கைமுறுக்கு வாங்கினேன். கடைக் கவரைத் தூக்கிப் போட்டுவிட்டு, பழைய எவர்சில்வர் டப்பாவில் அடுக்கிவைத்தேன்.

"எங்க அம்மா சுட்டது" என்றேன். இரண்டு நிமிடத்தில் காலி. "உங்க அம்மா கைப்பக்குவமே தனிடி, இம்புட்டு மொறுமொறுப்பா எங்க வீட்ல வராது" என்றாள் வடமதுரைக்காரி. என் அம்மா முறுக்குச் சுட்டு நான் பார்த்ததே இல்லை. அதற்கெல்லாம் அவளுக்கு ஏது நேரம்? ஆனாலும் அந்தப் பாராட்டைக் கேட்டு எனக்கு உள்ளூரக் குளிர்ந்தது. அம்மாவைப் பற்றி யாரோ நல்லதாகச் சொன்னதில் வந்த சந்தோஷம் அது. அடுத்த முறையும் வாங்கினேன். அதற்கடுத்த முறை, "முறுக்கு மறக்காம கொண்டு வாடி" என்று சொல்லியே அனுப்பினார்கள்.

கணக்கு எனக்குத் தெரியாமல் இல்லை. இருநூற்று எழுபது மிச்சம். முறுக்கு நூற்று முப்பது. பன், பழம், டீ என்று எண்பது. கையில் நிற்பது அறுபது. அறுபது ரூபாய்க்காக மூன்று நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். நிறுத்தியிருக்கலாம். ஆனால் அதற்குள் நான் மாதம் இரண்டு முறை ஊருக்குப் போகிறவள், அம்மா செல்லம், நல்ல பலகாரம் வருகிற வீட்டுப் பெண் என்று ஆகிவிட்டேன். அந்தப் பெண்ணை எல்லோருக்கும் பிடித்திருந்தது. எனக்கும்தான். அவளை எப்படி விடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஏழாவது முறை, காரணம் எழுத ஒன்றும் தோன்றாமல், "என் தாயாருக்கு உடல்நலம் சரியில்லாததால் அவரைப் பார்க்க ஊருக்குச் செல்கிறேன்" என்று எழுதிக் கொடுத்தேன். அந்த வாரம் என் போனில் ரீசார்ஜ் முடிந்து, வருகிற அழைப்பும் நின்றுபோயிருந்தது. ரீசார்ஜ் காசை ஹால் டிக்கெட்டுக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கே அறைக்குள் இருக்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன். திண்டுக்கல்லில் கடைத் தெருவை இரண்டு சுற்றுச் சுற்றினேன். மலைக்கோட்டை அடிவாரத்தில் நிழலாக ஓர் இடத்தில் உட்கார்ந்து பாடப் புத்தகம் படித்தேன். முறுக்கை வாங்கிக்கொண்டு திரும்பும்போது மணி மூன்றுக்கு மேல்.

விடுதி வாசலில், காவல்காரம்மாவின் நாற்காலி பக்கத்தில் தரையில் என் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

அவள் பதினொரு மணிக்கே வந்துவிட்டாளாம். சனி, ஞாயிறுக்கு வரும் காவல்காரம்மா வேறு ஆள், என் முகம் அவருக்குத் தெரியாது. "ஏனுங்க, என்ற புள்ளையப் பாக்கோணுங்க" என்று அம்மா பெயர் சொல்லிக் கேட்டிருக்கிறாள். அவர் வார்டனைக் கூப்பிட்டார். வார்டன் மெஸ் நோட்டைப் பார்த்துவிட்டு, "உங்க பொண்ணு வெள்ளிக்கிழமையே ஊருக்குப் போயிருச்சேம்மா" என்று, என் கடிதத்தை எடுத்துப் படித்தும் காட்டியிருக்கிறார். தாயாருக்கு உடல்நலம் சரியில்லாததால்.

"எனக்கு ஒடம்பு நல்லாத்தானுங்க இருக்குது" என்றாளாம் அம்மா.

அப்புறம் கேட் நோட்டை எடுத்துப் பார்த்தார்கள். அதில் நான் ஊருக்குப் போனதற்குக் கையெழுத்து இல்லை. ஒரு பெண் ஊருக்குப் போவதாக எழுதிக் கொடுத்துவிட்டு, கையெழுத்துப் போடாமல் வெளியேறி, வீட்டுக்கும் போய்ச் சேரவில்லை, போனும் போகவில்லை. இதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் அம்மாவுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சாயங்காலம்வரை பார்த்துவிட்டுப் போலீசுக்குச் சொல்லலாம் என்று வார்டன் சொன்னாராம். மெஸ்ஸில் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார்கள். அம்மா எழுந்திருக்கவே இல்லை.

அவள் என்னைப் பார்த்தாள். எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். கையில் இருந்த கடைக் கவரைப் பார்த்தாள். வார்டனுக்குக் கேட்காமல், "யாரு கண்ணு அவன்?" என்றாள்.

"யாரும் இல்லம்மா. ரூம்லதான் இருந்தேன்."

"பொய் சொல்லாதம்மா" என்றார் வார்டன். "ரெண்டு நோட்டும் இங்க இருக்கு பாரு."

எவ்வளவு சொன்னாலும் எடுபடவில்லை. கடைசியில் மூவரும் என் அறைக்குப் போனோம். கட்டிலுக்கு அடியில் இருந்ததை நானே இழுத்துக் காட்டினேன். பன் கவர்கள், செய்தித்தாளில் சுற்றி வைத்த வாழைப்பழத் தோல், தண்ணீர் பாட்டில்கள். திங்கட்கிழமை காலை யாரும் பார்ப்பதற்கு முன் கொண்டுபோய்க் கொட்டுவது என் வழக்கம். வார்டன் குனிந்து அதைப் பார்த்தார். "ஏழு தடவையும் இப்படித்தானா?" என்றார். ஆமாம் என்றேன். "என்கிட்ட வந்து கேட்டிருக்கலாமே" என்றார். அவரிடம் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. பிறகு அவர், இதைப் பற்றி மேலே எழுதப் போவதில்லை, ஆனால் விடுதியில் இருந்துகொண்டு மெஸ் கட் எடுத்தது விதிக்கு விரோதம், ஏழையும் ரத்து செய்தாக வேண்டும் என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் சேர்த்த அறுபது அறுபதும் போய், மேற்கொண்டு ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறு ஏறியது.

அம்மா ஜாக்கெட்டுக்குள்ளிருந்து பர்ஸை எடுத்தாள். பாக்கி பற்றி அலுவலகம் வீட்டு முகவரிக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறது. அது எனக்குத் தெரியாது. புதன்கிழமை வந்த அந்தக் கடிதத்தைப் பக்கத்து வீட்டுப் பெண் படித்துச் சொன்னாளாம். அம்மா எனக்குப் போன் போட்டிருக்கிறாள், போகவில்லை. மறுநாள் வியாழக்கிழமை. குழுவில் ஒருத்தி பெயரில் புதிதாக வந்த லோனை, தவணையை நானே கட்டிவிடுகிறேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லி அம்மா வாங்கிவிட்டாள். முந்நூறு ரூபாயைத் தெருவெல்லாம் சொன்னாளே, அந்தப் பெண்ணின் பெயரில்தான். ரூபாய் நோட்டுகளை என் கையில் வைத்து மூடினாள். நான் எதற்காக ஏழு முறை ஊருக்குப் போனேனோ அது அந்த நிமிடத்தில் ஒன்றுமில்லாமல் போனது.

பஸ் நிறுத்தம்வரை அம்மாவோடு நடந்தேன். அவள் முன்னால் நடந்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது. நிழற்குடையில் வேறு யாரும் இல்லை. உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நாலு மணி நேரம் அந்தக் கேட்டுக்கிட்ட உக்காந்திருந்தேன்ல" என்றாள். "எவனோடயோ போயிட்டியோன்னுதான் நெனச்சேன். உன்னையத் திட்டுனேன், பெத்த என்னையும் திட்டிக்கிட்டேன்."

"தப்புதாம்மா" என்றேன்.

"இப்ப அப்படியே போயிருந்தாத் தேவலைன்னு இருக்குது சாமி" என்றாள் அம்மா. "நாலு அறை விட்டு இழுத்துட்டுப் போயிருப்பேன். இதுக்கு நான் யார அடிக்கறது?"

டவுன் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஏறச் சொல்லி விசிலடித்தார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள். பஸ் போய்விட்டது.